பூ நாற்றம் என்று நான் சொன்னது

இன்று துறைமுகச் சாலையில் லாரிகள் நகரவே இல்லை. என் வண்டியிலிருந்து இறங்கி மதிலோரம் நடந்தேன். செத்த எலியின் நாற்றம். குனிந்து பார்த்தால் கள்ளிமுளையான். தண்டின் நுனியில் உருண்டையாகக் கருஊதாப் பூக்கள், மேலெல்லாம் ஈ. வண்டிக்குத் திரும்பக் கால் வரவில்லை.

என்னோடு லாரி ஓட்டிய நண்பன் நீ, இதே மதிலோரம்தான் அதை முதலில் பார்த்தாய். "மாமு, இன்னா செடி இது? இலையே காணோம். பூவு அழகா கீது, நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாய். கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் மகளுக்குப் படம் அனுப்பினேன். தண்டில் எத்தனை பட்டை என்று கேட்டாள். எண்ணினாய், நான்கு. அரை மணியில் பெயரைச் சொல்லிவிட்டாள். ஈயை வரவழைக்கத்தான் அந்த அழுகல் வாடையாம். உனக்கு ஒரே சிரிப்பு. ஒரு கொத்தைப் பிடுங்கிப்போய்த் திருவொற்றியூர் வீட்டு வாசலில், பெயிண்ட் டப்பாவில் நட்டாய்.

மழைக்குப் பிறகு அது பூத்தது. தெருவே மூக்கைப் பிடித்தது. சில வாரம் கழித்து உன் மனைவி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, வூட்டுக்குள்ள இருக்க முடியல. இவரு செடின்றாரு. எனக்கு பயமா கீது, ஒருவாட்டி வந்து பாருங்க."

நான் சிரித்தேன். "பூவு நாத்தம்தாம்மா. என் பொண்ணே சொல்லிக்கீறா. கொட்டிச்சின்னா போய்டும்."

பூக்கள் அதற்கு முன்பே கொட்டிவிட்டிருந்தன. பூ இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியை, சர்க்கரையில் மரத்துப்போன உன் பாதம் உணரவே இல்லை. வலி இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டினாய். காய்ச்சலில் நீ விழுந்த பிறகுதான் அதை அவிழ்த்தார்கள்; உள்ளே பாதம் அழுகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தும் விஷம் நிற்கவில்லை.

"மெய்யாலுமே பூவுன்னுதான் நெனச்சேன் மாமு" என்றாய் ஆஸ்பத்திரியில். நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று என் மகள் கேட்டாள்: "நான் சொன்னது தப்பாப்பா?"

"இல்லம்மா. செடி அதேதான்."

அவள் நம்பவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. நான் வீட்டில் இருக்கும் நாளெல்லாம், சாயங்காலம் டார்ச் அடித்து என் பாதங்களை விரல் விரலாகப் பார்க்கிறாள். நான் சுவரைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டிருக்கிறேன். உன் மனைவி போன் செய்ததையும், நான் சிரித்ததையும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.