படுத்துப் பார்க்காத நான்கு கொக்கிகள்

மார்ச் 3, திங்கள்

பிற்பகல் பணிமனை வாயிலில் தொழிற்சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் முழங்கினேன். “பிழை தொழிலாளியின் கையில் பிறப்பதில்லை, தோழர்களே! அவனை விரட்டும் கடிகாரத்தில் பிறக்கிறது!” கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. தொண்டை கட்டிவிட்டது. மனைவி வெந்நீர் கொடுத்துவிட்டு என் வெள்ளைச் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “ஒரு பொட்டுக் கறை இல்லையே. இன்னிக்கு வேலையே பாக்கலையா?”

மார்ச் 4, செவ்வாய்

நேற்று நாங்கள் பழுதுபார்த்து அனுப்பிய வானூர்தி இன்று காலை மேலெழும்போதே வலப்பக்கப் பொறியின் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. உடனே திரும்பி இறங்கிவிட்டது. நூற்று அறுபது உயிர்கள். எவருக்கும் காயமில்லை.

மூடியின் அடியில் நான்கு கொக்கிகள் உண்டு. வெறுமனே தள்ளிவிட்டால் மூடியதுபோல் நிற்கும், பூட்டியிராது. பூட்டியதாக முதல் கையொப்பமிட்டவன் என் மனைவியின் தம்பி. சரிபார்த்ததாக இரண்டாம் கையொப்பமிட்டவன் நான்.

மார்ச் 5, புதன்

விசாரணை அதிகாரி கேட்டார்: நீங்கள் பார்த்தபோது பூட்டியிருந்ததா?

“ஆம்” என்றேன்.

மார்ச் 6, வியாழன்

அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து அவர்கள் ஒரு வழக்கையே கட்டிவிட்டார்கள். நான் பார்த்தபோது பூட்டியிருந்ததென்றால், பிறகு எவனோ திறந்திருக்க வேண்டும். அங்கே மீண்டும் சென்றவன் மைத்துனன் ஒருவனே. குறிப்பேட்டில் எழுதாமல் திறந்தான் என்று குற்றச்சாட்டு. வேலை போகும். திங்களன்று விசாரணையில் அவனுக்காக வாதாடச் சங்கம் அமர்த்தியிருப்பது யாரை? என்னைத்தான்.

மார்ச் 7, வெள்ளி

மைத்துனன் வந்திருந்தான். தேநீரைத் தொடவில்லை.

“பூட்டாம விட்டிருப்பேன் மாமா, அத ஒத்துக்கிறேன். தள்ளி வச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன், வந்து பூட்டிக்கலாம்னு. அதுக்குள்ள டயர் மாத்தக் கூப்பிட்டாங்க. திரும்பி வந்தா தாள்ல உங்க கையெழுத்து இருக்கு. மாமாவே பாத்துட்டாரு, அப்போ பூட்டிட்டுத்தான் போயிருக்கோம்னு நெனச்சுட்டேன். ஆனா திறக்கல.”

அவன் என் கையொப்பத்தை நம்பினான். நான் அவனுடையதை நம்பினேன். கொக்கியை யார் பார்த்தது?

என் மனைவி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 8, சனி

அந்தக் கொக்கிகளைக் காணத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். அன்று தரையெல்லாம் எண்ணெயும் நீரும். கூட்டத்துக்கு அரைமணி இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. எனக்கு என்ன கேடு? படுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பேன்?

மார்ச் 9, ஞாயிறு

வாதவுரை பதினெட்டுப் பக்கம். நன்றாகவே வந்திருக்கிறது. கடிகாரம்கூட வருகிறது.

மார்ச் 10, திங்கள்

பதினெட்டுப் பக்கங்களையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். “நான் படுத்துப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னது பொய். அவன் எதையும் திறக்கவில்லை.” என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை.

வெளியே சங்கச் செயலாளர் பல்லைக் கடித்தார். “இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசல்ல மைக்கப் பிடிப்பீங்க?” மைத்துனன் திரும்பிப் பாராமல் என்னைக் கடந்து போனான்.

மார்ச் 14, வெள்ளி

அவனுக்கு ஒரு மாதப் பணியிடைநீக்கம். வேலை தப்பியது. எனக்குக் கையொப்ப உரிமை பறிபோயிற்று, இனி உதவியாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மைத்துனன் பணிக்குத் திரும்பி ஒரு வாரம். இன்று என்னை அவன்கீழ் போட்டிருந்தார்கள். அதே வகை வானூர்தி. கேட்பதற்கு முன்பே பொறியின் அடியில் படுத்தேன். வாயிலில் வேறொருவர் முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் இங்குவரை கேட்டது. முதுகில் ஈரம் ஏறியது. ஒவ்வொரு கொக்கியையும் பிடித்து இழுத்தேன்.

“நாலும் பூட்டியிருக்கா மாமா?”

ஆறு வாரங்களுக்குப் பிறகு அவன் என்னை மாமா என்று கூப்பிட்டான். இருக்கிறது என்றேன். தாளில் கையொப்பமிடாமல், அவனும் வந்து என் அருகில் படுத்தான்.

வீட்டில் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். முதுகு முழுக்கக் கறை. மனைவி ஒன்றும் கேட்காமல் ஊறவைத்தாள்.