வன்னி மரத்தடியில் சொன்ன பொய்

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வீடு முழுக்கப் பரவிய பிறகும் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்யாணப் படம். மணப்பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் முக்காடு, உச்சி நெற்றியில் உருண்டையாக ஒரு நகை, முழங்கை தாண்டியும் வெள்ளை வளையல். ஆனால் அவள் கட்டியிருந்த புடவை எனக்குத் தெரிந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, கரையில் வரிசையாகக் கோபுரம். அதில் ஒன்று மட்டும் குட்டை. "கரண்ட் போயி வந்த நேரத்துல தப்பாயிடுச்சு. வுடு டீச்சர், திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சுக்கோ" என்று நீ சிரித்தாயே, அந்தக் கோபுரம்.

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு. ருக்மா பேசியிருந்தாள். ஜோத்பூருக்கு அந்தப் பக்கம் மணலில், வன்னி மரத்தடிக் கோயிலைக் கவனித்துக்கொண்டிருந்த, நாம் கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்ட ருக்மா. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தது, உங்கள் தோழி கொடுத்த புடவையைத்தான் உடுத்தினாள், சின்னவள் தனக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், உங்கள் தோழி நெய்து தருவாளா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். கடைசியில் ஒரு வரி. "பூச்சி பறந்துபோன கூட்டிலிருந்து எடுத்த பட்டு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னோம்."

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரி உனக்குப் புரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். காலையிலிருந்து நான்கு முறை உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். பேனா கிடைத்தால் கண்ணாடியைக் காணோம்.

உன்னால்தான் நான் ஊரைவிட்டு வெளியே கால் வைத்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் நாலு பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். உன் மகளைச் சேர்க்க வந்த நீ, பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்களுக்கு இந்தி சரளமா வருமா டீச்சர்? வடக்க போனா பேசுவீங்களா?" என்றுதான் கேட்டாய். உன் தறியில் ஒரு பாவு நூல் நெய்து முடிந்து அடுத்த பாவு ஏற்றும்வரை கிடைக்கும் நாட்களை நீ வீட்டில் கழித்ததே இல்லை. முதலில் மாகறல், திருமுக்கூடல் என்று பஸ் போகிற தூரம். பிறகு ரயில். கூட்டம் போகிற இடம் உனக்கு ஆகாது. "எல்லாரும் பாத்ததை நாம பாத்து இன்னாத்துக்கு?" என்பாய்.

பாலைவனம் போகலாம் என்று நீ சொன்னபோது, ஒட்டகமும் கோட்டையும்தான் என் நினைவுக்கு வந்தன. நீ யார் யாரிடமோ விசாரித்து ஒரு பட்டியல் வைத்திருந்தாய். ஓசியானில் மணல்மேட்டுக்கு நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலான கோயில்கள். நான் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். நீ தூணுக்குத் தூண் ஓடினாய். "டீச்சர், இங்க வந்து பாரு, நம்ம கரையில போடுற சக்கரம் இங்க கல்லுல இருக்குது" என்று கத்தினாய். கீச்சனில் ஊர்க்காரர்கள் தானியம் இறைக்க, சாம்பல் நிற நாரைகள் வானத்தை மூடிக்கொண்டு இறங்கின. அவை போடும் சத்தத்தில் நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

கிராடுவின் பாழடைந்த கோயில்களில் இருட்டிய பிறகு தங்கினால் கல்லாகிவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை. பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். காவலாளி விசில் மேல் விசில் ஊதுகிறார். நீ உடைந்த சிற்பம் ஒன்றின் முன்னால் நின்று நகர மறுத்தாய். "கல்லாயிட்டா நல்லதுதான் டீச்சர், அப்பயாவது ஒரு எடத்துல நிப்பேன்." உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். நீ வழியெல்லாம் சிரித்தாய், எனக்குக் கோபம் அடங்க ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள்தான் ருக்மாவின் கோயில். அவர்கள் பிஷ்னோய் மக்கள். உயிர் எதையும் கொல்லமாட்டார்கள், பச்சை மரத்தை வெட்டமாட்டார்கள். ராஜாவின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டுச் செத்த பெண்களின் வம்சம் என்று நம் வாடகை வண்டி டிரைவர் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் உனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வன்னியா? நம்ம கோயில்ல சுத்தி வர்ற வன்னியா?" என்று மறுபடி மறுபடி கேட்டாய். அந்த மரத்துக்குப் புடவை சாத்தவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாய். அம்மனுக்குச் சாத்துவதுபோல மரத்துக்கும் சாத்துகிற ஊர்க்காரி நீ, உனக்கு அது பெரிய விஷயமில்லை. பெட்டியில் இருந்தது மயில்கழுத்து நிறப் புடவை. அவர்கள் நீலம் உடுத்தமாட்டார்கள் என்றார் டிரைவர். உடனே அதை உள்ளே வைத்துவிட்டு அரக்கை எடுத்தாய். அது உனக்கென்று நீ நெய்துகொண்டது. ஒருமுறைதான் உடுத்தியிருந்தாய்.

பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் கோயில். பக்கத்தில் ஒரு குட்டை, குட்டையைச் சுற்றி வெளிமான்கள் வீட்டு ஆடுபோலப் பயமில்லாமல் மேய்ந்தன. ருக்மா தாயில்லாத மான்குட்டி ஒன்றுக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்து எங்களுக்கு டீ போட உட்கார்ந்தாள். ஒவ்வொரு சுள்ளியையும் எடுத்துத் தரையில் தட்டினாள். அதிலிருந்து எறும்புகள் இறங்கி ஓடும்வரை காத்திருந்து, பிறகு அடுப்பில் வைத்தாள். நீ மான்குட்டியோடு இருந்தாய், அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நீ புடவையை இரண்டு கையாலும் நீட்டினாய். ருக்மா வாங்கித் தடவிப் பார்த்தாள். அவளுடைய மகள்கள் இரண்டு பேரும் ஓடிவந்து கரையைத் தொட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது, இதில் ஏதாவது உயிர் போகிறதா என்று ருக்மா என்னிடம் கேட்டாள். நான் உன்னிடம் அதை அப்படியே சொன்னேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உள்ளதச் சொல்லிடு டீச்சர். கூட்டைப் புழுவோடதான் வேக வெப்பாங்க, அப்பதான் நூலு அறாம வரும். மறைக்காத. வேணான்னா வேணான்னு சொல்லட்டும்."

நான் ருக்மாவின் பக்கம் திரும்பினேன். அடுப்பு ஓரத்தில் அந்த எறும்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. உன் கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையில் புடவையை அவள் திருப்பி வைப்பதை என்னால் பார்க்கமுடியாது என்று தோன்றியது. பூச்சி சிறகு முளைத்துப் பறந்துபோன பிறகு, வெறும் கூட்டிலிருந்து நூல் எடுப்பார்கள் என்றேன். சுத்தமான இந்தியில், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

ருக்மாவின் முகம் மலர்ந்தது. மரத்துக்குச் சாத்தினால் முள் கிழித்துவிடும், பெரியவளின் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நீ அழுதாய். வண்டியில் ஏறியதும் என் தோளில் ஓர் அடி வைத்துச் சொன்னாய்: "பாத்தியா? நீதான் பயந்துக்கினு இருந்த. உண்மையச் சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்கமா."

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த ஊரில் சொல்லலாம், ரயிலில் சொல்லலாம், வீடு போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஊருக்கு வந்தால் நீ அதைக் கதையாகவே ஆக்கிவிட்டாய். பாவு இழுக்கிற தெருவில் சொன்னாய், வரதர் கோயில் வாசலில் பூக்காரியிடம் சொன்னாய், ஒருமுறை கடை முதலாளி ஒருவர் புடவையில் இருக்கும் தப்பை மறைத்து விற்கச் சொன்னபோது அவரிடமே சொன்னாய். "எறும்புக்குக்கூட கெடுதி நெனைக்காத பொம்பள, நான் உள்ளதச் சொன்னேன், கட்டிப் புடிச்சிக்கினா." ஒவ்வொரு முறையும் கடைசியில், "டீச்சரைக் கேளுங்க, டீச்சர்தான் எடுத்துச் சொன்னாங்க" என்று என்னைக் காட்டுவாய். நானும் ஆமாம் என்பேன். ஏழு வருஷம் ஆமாம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உன் மகள் ஏதோ ரிப்போர்ட்டை உன்னிடம் மறைக்கப் பார்த்தாள். நீ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி அந்தக் கதையைத்தான் சொன்னாய். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னாள். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததை யாரும் தின்னவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உனக்கு எஞ்சியிருந்த நாட்களில் எதற்கு அதைக் கெடுப்பது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

இன்றைக்கு ருக்மாவுக்கு என்ன பதில் சொல்வது? நீ இறந்துவிட்டாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடலாம். அந்தப் பொய் யாருக்கும் தெரியாமல் அங்கேயே பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும். அப்படித்தான் முதலில் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தேன், அழித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள், தலைவலி என்று அனுப்பிவிட்டேன். மறுபடி பதிவு செய்தேன். மறுபடி அழித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு, இனி யோசித்தால் இந்தப் பொய்யை நம்பி இன்னொரு புடவை கேட்பார்கள் என்று தோன்ற, நேராகப் போன் செய்துவிட்டேன்.

உன் சாவைச் சொன்னேன். பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. "எரித்தீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நாங்கள் புதைப்போம்" என்றாள். பிறகு மற்றதைச் சொன்னேன். நீ சொல்லச் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, இரண்டையும் வரிசையாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது என் குரல்.

"ஒரு புடவைக்கு எத்தனை புழு?"

"கணக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கில் இருக்கும்."

"என் மகள் அதை உடுத்திக்கொண்டு அக்னிக்கு முன்னால் உட்கார்ந்தாள்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தூக்கிப் போடமுடியாது. அத்தனை உயிர் இருக்கிறது. மண்ணில் வைத்துவிடுகிறேன்."

நான் கெஞ்சினேன். உன் கைபட்ட புடவை, எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். உன்னுடையது என்று என்னிடம் ஒரு முழத் துணிகூட இல்லை என்றேன். உண்மைதான், உன் தறியில் விளைந்ததெல்லாம் யார் யார் வீட்டிலோ இருக்கிறது.

"அது அவள் எங்களுக்குக் கொடுத்தது. நீங்கள் எப்படிக் கேட்கமுடியும்?" என்றாள்.

போனை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஏழு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அவளை என்ன செய்திருப்பீர்கள்?

ருக்மா யோசிக்கவே இல்லை. "புடவையை அவளிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளை அனுப்பியிருக்க மாட்டேன். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று சொல்லியிருப்பேன். வந்த வீட்டில், கேட்டதுக்கு உள்ளதைச் சொல்கிறவள்மேல் யாருக்குக் கோபம் வரும்?" என்று கேட்டாள். "உங்கள்மேல் வருகிறது" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆக, நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது சரிதான். உண்மையைச் சொன்னால் அவள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள், கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். நடந்திருக்கவேண்டியதை நடக்கவிடாமல், அதன் இடத்தில் என் பொய்யை வைத்தேன். அந்த இரண்டு நாளை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மான்குட்டி உன் பின்னால் அலைந்திருக்கும். நீ பாஷை தெரியாமலே அந்தப் பெண்களிடம் வாய் ஓயாமல் பேசியிருப்பாய்.

இந்நேரம் அங்கே மணலைத் தோண்டியிருப்பார்கள். என்னால் இன்னும் உட்கார முடியவில்லை, சமையல்கட்டில் நின்றபடியே எழுதுகிறேன். உனக்கு என்மேல் கோபப்பட ஒரு வாய்ப்பை நான் கடைசிவரை கொடுக்கவில்லை. இன்று ருக்மா கோபப்பட்டுவிட்டாள். அவளுடைய கோபத்தோடு உன்னுடையதும் அதில் இருக்கிறது என்றுதான் அதை வாங்கி வைத்திருக்கிறேன். அது தணியவேண்டாம்.