புண் இல்லாத நோய்

கடம்பூர்
3-6-2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆபரேஷனுக்காக வந்து தங்கியிருக்கும் தம்பி வீட்டில் போனில் பேசினால் எல்லார் காதிலும் விழும். அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தவள், பிழை இருந்தால் பொறுங்கள்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில் மேகநோய் இருக்கிறதாம், சிபிலிஸ் என்கிறார்கள். எனக்குப் புண்ணில்லை, காய்ச்சலில்லை. “வெளியே ஒண்ணும் தெரியாம வருசக்கணக்கா கிடக்கும்மா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க” என்றார் நர்ஸ். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுங்கள். ஊசியில் தீருமாம்.

ஆட்டுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் காட்டுங்கள்.

உங்கள் சொர்ணத்தாய்

எட்டயபுரம்
8-6-2024

சொர்ணத்தாய்க்கு,

முப்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். உடம்பில் ஒரு குறை கிடையாது. நோய் உன் ரத்தத்தில். என்னை ஏன் குத்த வேண்டும்? இந்த வயதில் அந்த வரிசையில் நின்றால் ஊர் சிரிக்கும். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய். வீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

வெயிலுமுத்து

கடம்பூர்
14-6-2024

அத்தானுக்கு,

கற்பூரம் அணைக்க மாட்டேன்.

கல்யாணமான வருடம் நாசிக் லோடு போய் வந்தபோது உங்களுக்குப் புண் இருந்தது. “இஞ்சின் சூடு, ஏட்டி” என்றீர்கள். வலியில்லை, தானே ஆறியது, மறந்துபோனோம். பிறகு மூன்று பிள்ளைகள் செத்தே பிறந்தன. பிள்ளை தங்காத வயிறு என்று உங்கள் அம்மா ஏசியபோது நீங்கள் தலை நிமிராமல் சோறு தின்றீர்கள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். “இதனாலயும் இருக்கலாம்மா. அப்பவே ரத்தம் பார்த்திருந்தா ஊசி போட்டுத் தடுத்திருக்கலாம்” என்றார்.

எனக்கு முதல் ஊசி போட்டாயிற்று. நீங்கள் ரத்தம் கொடுக்காமல் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

சொர்ணத்தாய்

எட்டயபுரம்
2-7-2024

சொர்ணம்,

கோவில்பட்டியில் தெரிந்த முகம் இருக்குமென்று திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. ஒரு ஊசி ஆயிற்று, இன்னும் இரண்டு. பழசை விடு. வந்துவிடு. யாரிடமும் சொல்லாதே.

வெயிலுமுத்து

கடம்பூர்
9-7-2024

வெயிலுமுத்து அவர்களுக்கு,

எனக்கு மூன்று ஊசியும் முடிந்தது. மிச்சத்தை நீங்களும் வாரம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். நான் வர மாட்டேன்.

தம்பி மருமகள் தீபலட்சுமிக்கு மூன்று மாதம். நேற்று அவளையும் அவள் புருஷன் கோகுலகிருஷ்ணனையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். “எனக்கு எதுக்கு அத்தை? கல்லு மாதிரி இருக்கேன்” என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

செத்துப் பிறந்த நம் மூன்று பிள்ளைகளையும் அவனிடம் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

சொர்ணத்தாய்