முள் முப்பதில் நிற்க வேண்டும்

மார்ச் 3
அக்கா மகள் என்னைத் தலைமைப் பொறியாளர் ஆக்கிவிட்டாள். அவள் சொன்னது, "மாமா, மீட்டர் முள்ளைப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்பதுதான். இரண்டும் ஒன்றுதானே. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது, அவள் இழக்கவில்லை.

இரண்டு வருடமாகப் பின்கட்டுக் கொட்டகையில் அவள் செய்யும் ராக்கெட் என்ஜின் என் முழங்கை நீளம். முடிவெட்டும் கடையில் ஆள் உயரம் என்றேன்.

மார்ச் 9
சோதனை இதுதான். என்ஜினுக்குள் தண்ணீர் நிரப்பி, காற்றைத் துளிகூட விடாமல் விரட்டி, வாயை அடைத்து, கைப்பம்பால் அழுத்த வேண்டும். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் முப்பதைத் தொட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். ஏன் தண்ணீர் என்றேன். விரிசல் விட்டால் தண்ணீர் ஒழுகும், காற்று வெடிக்கும் என்றாள். எனக்குத் தெரியும், அவளைச் சோதித்தேன்.

முள் நிற்காமல் நெருப்பு வைக்கக் கூடாதென்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். பற்றவைக்கும்போது பிள்ளை இருபதடியில்தானே நிற்பாள்.

மார்ச் 14
நாளை சோதனை. நெருப்பு வைக்க மைதானம் அடுத்த வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது. விட்டால் இனி அக்டோபரில்தான். தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது அவளுக்கு.

மார்ச் 15
இருவரும் சுவருக்குப் பின்னால் நிற்க, அவள் பம்பு அடித்தாள். எதிரே மாட்டிய கண்ணாடியில் நான் முள்ளைப் பார்த்தேன். முப்பது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதி நேரத்தில் முள் — அசைந்ததா? என் கண்ணா? மயிரிழைதான். பேசாமல் இருந்திருக்கலாம். பிறந்ததிலிருந்து எந்த எண்ணையும் நான் குறைத்துச் சொன்னவனில்லை.

"பாப்பா, எறங்குது. இருபத்தொம்பது."

"கண்ணாடிய நல்லாப் பாருங்க மாமா."

"பாத்துட்டேன் கண்ணு. இருபத்தெட்டு."

பம்புப் பிடியை விட்டாள். "நீங்களே கொறச்சுச் சொல்றீங்கன்னா அது உண்மையாத்தான் இருக்கும்" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவள் தலையில் கை வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 16
வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். காகிதம் சுற்றி மறுபடி பம்பு அடித்ததில் அது ஒரு சொட்டளவு நனைந்தது. மைதானம் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். நெருப்பு வைத்திருந்தால்? இல்லை, எழுத மாட்டேன்.

முடிவெட்டும் கடையில் கேட்டார்கள். அறுபது வரை ஏற்றினோம், மீட்டர்தான் தாங்கவில்லை என்றேன்.

செப்டம்பர் 28
புது வெல்டிங். முப்பது. பத்து நிமிடம். நின்றது.

அக்டோபர் 11
எரிந்தது. நான்கு விநாடி, நீலமாக, நேராக. மறைப்பிலிருந்து ஓடிவந்தவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஒரு பொத்தான் போயே போய்விட்டது.

வீட்டில் காத்திருந்த அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்று மாடி உயர நெருப்பு, பூமியே ஆடியது என்றெல்லாம் வழியெங்கும் தயாரித்து வைத்திருந்தேன்.

"பிள்ள நல்லாருக்கால்ல?"

ம் என்றேன்.

"என்னடா, அழுறியா?"

"இல்லக்கா. பொகை."

நாங்கள் எரித்தது ஸ்பிரிட். அதில் புகையே வராது.