நின்ற ரயிலில் இருந்துகொண்டே இறங்காதவளுக்கு

ஊர்: சுராவின்
செப்டம்பர் கடைசி ஞாயிறு

மகள் மட்லாய்னாவுக்கு,

நம் நிறுத்தத்தில் ரயில் நின்றது, கதவு திறந்தது, உள்ளே நீ இருந்தாய், இறங்கவில்லை. வெளியே உன் அப்பா நின்றிருந்தார். நீ செய்தது இதுதான். நலம் விசாரித்துவிட்டு எழுதினால் கை இளகிவிடும் என்று இதை முதலில் எழுதிவிட்டேன். இப்போது கேட்கிறேன், நீயும் கோலினும் குழந்தை டெஸ்ஸும் நலமா, கனடாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம். இரண்டாம் அறுப்புப் புல்லை மழைக்கு முன்னால் கொட்டகைக்குள் சேர்த்தாயிற்று. சாம்பல் பசு கன்று போட்டது, கிடாரி. என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது.

ஜூன் மாதம் போனில் நீ என்ன சொன்னாய், கோலினுக்கு லீவு கிடைக்கலைம்மா, இந்த வருஷம் வர முடியாது, அடுத்த வருஷம் கட்டாயம் என்று சொன்னாய். நம்பினேன். உன் கட்டிலுக்கு எடுத்து வைத்த விரிப்புகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். கேட்டவர்களிடமெல்லாம் மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று பெருமையாகவே சொன்னேன். ஆகஸ்டில் நீ இதே ரயில் பாதையின் மேல்கோடியில், வாசலில் கொடிகள் பறக்கும் அந்தப் பெரிய ஓட்டலில், உன் மாமனார் மாமியாரோடு விடுமுறையில் இருந்தாய். அவர்கள் அழைத்தார்கள், வந்தாய், அதில் அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு நாள் எல்லோருமாக ரயிலில் கீழே போய் வெந்நீர்க் குளத்தில் குளித்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்று திட்டம் போட்டவள் நீயாம். எந்த வண்டி, எங்கே சாப்பாடு என்று எல்லாம் நீயே பார்த்து வைத்தாயாம். வலது பக்கம் உட்காருங்க, ஆறு அந்தப் பக்கம்தான் அழகா தெரியும் என்று சொல்லி எல்லோரையும் வலது பக்கம் உட்கார வைத்தாயாம். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நம் நிறுத்தம் இருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். கடைக்கு ஈஸ்ட் வாங்கப் போனேன். உர்ஷ்லா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, என்ன மெஞ்சா, உன் வீட்டுக்காரர் இப்பல்லாம் ரயிலுக்குக் கைகாட்டத்தான் பொத்தானை அழுத்துறாராமே, டிரைவர் கொதிச்சுப் போயிட்டாராம் என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிறவர் வெளியிலோ இறங்குகிறவர் வண்டிக்குள்ளோ பொத்தானை அழுத்தினால்தான் இங்கே வண்டி நிற்கும், அழுத்தியவர் ஏறியே ஆக வேண்டும். சும்மா அழுத்தினால் சின்னப் பிள்ளைக்கே காது திருகப்படும். உன்னையே ஒரு தடவை திருகியிருக்கிறார் அப்பா. அப்படிப்பட்ட மனிதர் வியாழக்கிழமை பாட்டுக்குழுவுக்குப் போகக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனவர், வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, போங்கள் என்று கையைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, பர்ஸை மறந்துட்டேன் என்றார். பர்ஸ் அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது, கோட்டை மாட்டியதே நான். ஊரில் உன் அப்பா பெயரைச் சொல்லி, துரிக்குப் புத்தி தடுமாறுது என்று பேசிக்கொள்கிறார்கள். அவர் காதிலும் விழுகிறது. அதற்குப் பிறகு பாட்டுக்குழுவுக்கும் போகவில்லை.

எனக்கும் பயம் வந்துவிட்டது, மட்லாய்னா. டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று நினைத்தேன். கண்டக்டர் குர்தினைப் பிடித்துக் கேட்டேன், உன்னோடு பள்ளியில் படித்த அதே குர்தின்தான். முதலில் மழுப்பினான். நான் விடவில்லை. அப்புறம், அத்தை, நான் சொன்னேன்னு வெளியில தெரியக்கூடாது, மாமாவுக்கு ஒண்ணும் ஆகலை, வண்டியில மட்லாய்னா இருந்தா என்றான். கதவு திறந்ததும் அவன் உன்னிடம், ஏய், அப்பா நிக்கிறார், இறங்கலையா என்று நம் பாஷையில் கேட்டானாம். நீ உதட்டில் விரலை வைத்தாயாம். குழந்தை இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடி வந்து அவரைப் பார்த்துக் கையசைத்ததாம், யாரோ ஒரு தாத்தாவுக்குக் கையசைப்பது போல. அவரும் தொப்பியை எடுத்துவிட்டு அசைத்தாராம். பிறகு உன்னைப் பார்த்திருக்கிறார். நீ குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். உன் மாமியார், அந்தக் கிழவர் யார், ஏறாமல் நிற்கிறாரே என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் குர்தின் சொன்னான். தினமும் வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் பார்க்கிறவன், அவர்கள் பேச்சு அவனுக்குப் புரியும். யாரோ ஊர்க்காரர் என்றாய்.

இதைக் கேட்டுவிட்டு வந்து அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. நம்ம பொண்ணு அந்த வண்டியில இருந்திருந்தா இறங்கியிருப்பா, அதனால அவ இல்லை, போய் வேலையைப் பாரு என்றார். உனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ஏறாமல் நின்ற மனிதர், இப்போது உனக்காகப் பைத்தியக்காரப் பட்டத்தையும் சுமக்கிறார். என்னால் அப்படி இருக்க முடியாது. குளிர்காலத்தில் மட்டும் பள்ளிக்குப் போனவள் நான், மிச்சத்தை ரயில் அட்டவணையிலும் பழைய செய்தித்தாளிலும் நானாகக் கற்றுக்கொண்டேன். அழகாகச் சுற்றி வளைத்து எழுத வராது. எங்களைப் பார்த்து வெட்கமா என்று கேட்கிறேன். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. அவர்கள் போட்ட நிகழ்ச்சி, ஒரே ஒரு பகல், நேரமில்லை என்றெல்லாம் எழுதாதே, அந்தப் பகலைத் திட்டமிட்டவள் நீ. எங்கள் வீட்டில் சாணி வாசம் வரும்தான். அந்தச் சாணியில் விளைந்ததைத் தின்றுதான் நீ கடல் தாண்டினாய்.

நீ இளைத்துப் போயிருப்பதாகவும் குர்தின் சொன்னான். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. டெஸ்ஸின் கழுத்தில் ஒன்றும் சுற்றியிருக்கவில்லையாம், ஆகஸ்டாக இருந்தாலும் மேலே காற்று அடிக்கும், கம்பளித் துண்டு ஒன்று பின்னி இதோடு அனுப்பியிருக்கிறேன். என் கோபம் உன்னோடு, அவளோடு இல்லை.

பனிக்காலத்திலும் அதே ஓட்டலுக்கு வருவோம் என்று உன் மாமனார் குர்தினிடம் சொல்லியிருக்கிறார், பிப்ரவரி கடைசியிலிருந்து ஒரு வாரமாம். ஆகவே அடுத்த சிறு பயணத்தை நான் திட்டமிடுகிறேன். மார்ச் முதல் தேதி, பனிக்காலத்தை விரட்ட ஊர்ப் பிள்ளைகள் மாட்டு மணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் நாள். கடவுள் உங்கள் மூன்று பேரையும் அதுவரை நோயில்லாமல் வைத்திருக்கட்டும். உனக்கும் என் ஆசி உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு.

யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன், மறக்காதே. யாரோ ஊர்க்காரர் யார் என்று உன் மாமியாரிடம் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், வண்டி ஏறுவதற்கு முன்னால். கோலின் குழந்தைக்குக் கெட்டியான காலணி வாங்க வேண்டும், மேட்டுப் பாதையில் பனிக்கட்டி இருக்கும். எல்லோரையும் இடது பக்கம் உட்கார வைக்க வேண்டியது நீ. குர்தின் வாயைத் திறக்கக்கூடாது, அவனிடம் சொல்லியாயிற்று. நான் எல்லோருக்குமாகப் பார்லி சூப் வைத்து, உன் பழைய மணியை டெஸ்ஸுக்காகத் துலக்கி வைப்பேன். அப்பாவிடம் நீ வருவதாகச் சொல்லிக் கோட்டை மாட்டி நிறுத்தத்துக்கு அனுப்ப வேண்டியதும் நான்தான். அவர் அங்கே நிற்பார், பொத்தானைத் தொட மாட்டார். நிறுத்தத்துக்கு முந்தின பாலம் தாண்டியதும் நீ அழுத்து.

உன் அம்மா
மெஞ்சா