தொட்டியின் மூடிப் பக்கம்

என் தங்க அப்பாவுக்கு,

இன்று ஒன்பதாம் வகுப்பில் கனச்செவ்வகத்தின் புறப்பரப்பு நடத்தினேன். நடத்தினேன் என்பது பொய். பலகையில் பெட்டியை வரைந்து நீளம், அகலம், உயரம் எழுதியதோடு தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து நாலு மாதமாக இந்தப் பாடத்தைத் தள்ளித் தள்ளித்தான் போட்டேன்.

பெயிண்ட் அடிக்கப் போகும் இடத்தில் எல்லாம் அளவெடுத்து எனக்குத்தான் போன் போடுவீர்கள். மகள் கணக்கு டீச்சர் என்ற பெருமை. செக்காலை வீட்டில் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்கும் அப்படித்தான் கேட்டீர்கள்: "பன்னண்டு நீளம், எட்டு அகலம், ஆறு ஒசரம். உள்பக்கம் பூராம் அடிக்கணும். எம்புட்டு ஆத்தா வருது?"

பஸ்ஸுக்கு நின்றபடியே சொன்னேன்: "முன்னூத்தி முப்பத்தாறு சதுர அடிப்பா." நாலு சுவர், ஒரு தரை. பாடப்புத்தகத்தில் தொட்டி என்றாலே மேற்புறம் திறந்திருக்கும். அதையே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த வாய். அந்தத் தொட்டிக்கோ மேலே கான்கிரீட் மூடி. அதன் அடிப்பக்கம் மட்டும் தொண்ணூற்றாறு சதுர அடி. பாவி, நான் கேட்கவே இல்லை. நீங்களாவது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

மூடியும் சுவரும் முடிந்தபோது பெயிண்ட் தீர்ந்துபோனது. உள்ளே காற்று ஊதும் மெஷினை மதியத்தோடு வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புது டின் வந்ததும், "தரை மட்டுந்தானே, அஞ்சு நிமிச வேல" என்று இறங்கினீர்களாம். கூட வேலை பார்த்த முருகேசண்ணன் சொல்லிச் சொல்லி அழுகிறார். நெடியில் மயங்கி விழுந்தவரைத் தூக்கத்தான் முடிந்தது, எழுப்ப முடியவில்லை. நான் சரியாகச் சொல்லியிருந்தால் மெஷின் ஓடும்போதே தரையும் முடிந்திருக்கும் அப்பா.

அம்மாவுக்கு இது தெரியாது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம், "எம்மக கணக்குச் சொன்னா தப்பாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக" என்கிறாள். நான் சாப்பிடுவதில்லை என்று காலையில் சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தாள். அந்தக் கைக்கு நேரே எப்படி வாயைத் திறப்பேன்?

இன்று வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்லிவிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம். அடிக்கட்டும், மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லட்டும். எல்லாம் கேட்டுவிட்டு, "போகட்டும், வந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டால்தான் என்ன செய்வேனோ தெரியவில்லை.

உங்கள் மூத்த மகள்,
செல்வி