உய்யவந்தாள் நூலை ஆற்றில் விடவேண்டாம் என்று வரைந்த ஓலை

கடலும் கழியும் காவலாய் நிற்க, முப்பது துறைகளிலும் கொடி பறக்க, வெண்கழி நாட்டைக் கோல் கோணாமல் ஆண்டருளும் பேரரசி புவனமாதேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் ஓலைகளை எழுதும் ஓலைநாயகமும் இலவந்தூர் உடையானுமாகிய சேந்தன் பூதி வரைந்தது. தாமரைவேலி நாட்டு நூலவையின் தலைவர், நூல்களை நிறுப்பதில் நடுவு பிறழாத பெருநம்பி விடங்கனார் திருமுன்பு படிக்கத்தக்கது. தங்கள் ஏரிகள் நிறைக, ஏடுகள் பெருகுக, தங்கள் அவைக்குள் பொய் நுழைய வாயில் இல்லாது போக.

விரைவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற பௌர்ணமியன்று, உய்யவந்தாள் இயற்றிய 'கடற்காற்று நிகண்டு' என்னும் நூலைப் பொய்நூல் என்று தீர்த்து ஆற்றில் விடுவதாகத் தங்கள் அவை முடிவு செய்திருப்பதை அறிந்தோம். அதை நிறுத்துக. அம்முடிவுக்குக் காரணம் சென்ற தைத் திங்களில் அடியேன் தங்களுக்கு விடுத்த குற்றச்சாட்டு ஓலை. அந்த ஓலை பிழையானது. இவ்வரியை எழுத எழுத்தாணி மறுக்கிறது. ஆயினும் அரசியார் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தங்கள் நாட்டில் வெண்சுவர் வழக்கம் இல்லையாதலால் அதைச் சிறிது விளக்குவது கடமை. எங்கள் துறைமுகங்களில், சந்தைக்கு அருகே, சுண்ணாம்பு பூசிய நெடுஞ்சுவர்கள் உண்டு. மாலுமியோ மருத்துவரோ தச்சரோ, எவரும் தாம் அறிந்ததை அதில் கரியால் எழுதலாம். எழுதியவரே அழித்துத் திருத்தலாம். மழை அழித்தால் கேட்பாரில்லை. ஒரு சுவரில் உள்ளதை அடுத்த ஊர்க்காரர் பேர் சொல்லாமல் தம் சுவரில் எழுதிக்கொள்வதும் உண்டு. ஏடு தேடி ஊர் ஊராய் அலைவதை விட்டுச் சுவரைப் பார்த்து நூல் எழுதும் பழக்கம் எங்கள் புலவரிடையே பரவி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அடியேனும் அப்படித்தான் எழுதினேன். என் 'காற்றுவழி விளக்கம்' நூலில் எழுபது இடங்களில் 'வெண்சுவரில் கண்டது' என்ற குறிப்பு உண்டு. எந்த ஊர், எந்தச் சுவர், எழுதியவர் யார், எந்நாள் கண்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வயலிலிருந்து வந்தது என்பதைப் போன்ற பதில் அது என்பது இப்போது புரிகிறது.

உய்யவந்தாள் துறைமுகத்தில் பிறநாட்டு ஓலைகளை மொழிபெயர்ப்பவள். அடியேனும் அவளும் ஒரே ஆசிரியரிடம் கற்றோம். அன்றும் அவளே முந்தினாள். கார்த்திகையில் அவள் நூல் தங்கள் நகரை அடைந்ததும், அதை யானைமேல் ஏற்றிக் குடை பிடித்து வீதி வலம் செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் நூல் தங்கள் அவையில் படிக்கப்பட்ட அன்று பாதிப் பேர் கொட்டாவி விட்டதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். பொறாமை என்ற சொல்லை இங்கே எழுத வேண்டும் என்பது அரசியாரின் ஆணை. ஆகவே எழுதுகிறேன்: எனக்குப் பொறாமை. வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. அவள் நூலைப் பதினோரு முறை படித்தேன், ஒரு குற்றமாவது அகப்படாதா என்று.

பதினோராம் முறையில் அகப்பட்டது போல் இருந்தது. தென்றல் திரும்பும் நாள் சித்திரை ஐந்து என்று அவள் சொல்லி, அதற்குச் சான்றாக இவ்வாறு குறித்திருந்தாள்: 'தண்டல் வீரசடையன் எழுதியது; முத்துத்துறை, மூன்றாம் வெண்சுவர், கீழைப்பக்கம்; ஆவணி பதினேழாம் நாள் கண்டேன்.' இத்தனை நீளக் குறிப்பு எதற்கு, படித்தவள் என்று காட்டிக்கொள்ளவா என்று முன்பெல்லாம் எரிச்சலோடு அதைத் தாண்டிச் சென்றிருக்கிறேன். இம்முறை தை மாதத்தில் அடியேனே பல்லக்கேறிப் போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். அங்கே பங்குனி இருபத்தைந்து என்று இருந்தது! சுவரடியிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அன்று மாலையே தங்களுக்கு ஓலை போயிற்று. இல்லாததை இருப்பதாக எழுதியவள், எங்கோ திருடியதை மறைக்கச் சுவரைச் சான்று காட்டியவள் என்று அவளைச் சாடினேன்.

தங்கள் தீர்ப்பு வந்ததும் அரசியார் விசாரணை வைத்தார். மரக்கலம் ஓட்டும் தண்டல் வீரசடையனை அழைத்துவரச் செய்தார். அவன் கூறியதைத் திருத்தாமல் அவன் சொன்னபடியே வரைக என்று எனக்குக் கட்டளை. ஆதலால் அவையோர் இதன் நடையைப் பொறுத்தருள்க. "எழுதுனது நான்தாங்க. மார்கழியில இன்னொரு தடவை கணக்குப் பார்த்தேன், தப்புன்னு தெரிஞ்சுது, அழிச்சுட்டு மாத்தி எழுதுனேன். அந்தம்மா வந்தது ஆவணியில. பார்த்த நாளைத்தான் போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன வழக்கு? நாள் போடாம எழுதுறவங்கதான் எங்களை மாட்டிவிடுறாங்க." இப்படிச் சொல்லிவிட்டு அவன் அடியேனைப் பார்த்தான். அவையே பார்த்தது.

விசாரணைக்கு வந்திருந்த உய்யவந்தாள் நீட்டி வாதாடவில்லை. ஆவணி பதினேழில் தான் எடுத்த படியை, சுவர்க்காவலர் கையொப்பத்தோடு, ஏட்டுக்கட்டிலிருந்து உருவி முன்னே வைத்தாள். சுவர் மாறியிருப்பதால் தன் நூலில் அந்நாளைத் திருத்த வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாள். ஆனால் பிழையான செய்தியைச் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு என்று கூறி அமர்ந்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் அடியேன் தலை நிமிர்ந்தே இருந்திருக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. என் குற்றச்சாட்டு ஓலையின் படியை அரசியார் உரக்கப் படிக்கச் சொன்னார். அதில் ஒரு வாக்கியம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, மிக அழகு என்றார். 'பேர் சொல்லாமல் எடுத்த சொல்லும், கேளாமல் எடுத்த பொருளும் ஒரே பெட்டியில் வைக்கத்தக்கவை' என்பது அவ்வாக்கியம். அவளைக் குத்துவதற்கென்றே கூராக்கி வைத்தது. அடியேன் கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன். இதைச் சொன்னவர் யார் என்று அரசியார் கேட்டார், அடியேனே என்றேன். அப்போது உய்யவந்தாள், நிகண்டின் நாற்பத்தோராம் ஏடு, இரண்டாம் பக்கம் என்று மட்டும் சொன்னாள். எடுத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது.

களவாடும் எண்ணம் எனக்கு இல்லை என்று குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டேன். பதினோரு முறை படித்ததில் அவள் வாக்கியம் எனக்குள் இறங்கி என் வாக்கியம் போலவே இருந்துவிட்டது. அது உண்மை. திருடி என்று ஒருத்தியைத் தூற்ற அவள் பொருளையே எடுத்து வீசினேன் என்பதும் உண்மை. அவள் தண்டனை எதுவும் கேட்கவில்லை. ஏட்டின் எண்ணை என் ஓலையில் குறித்துவிட்டால் போதும் என்றாள்.

ஆகவே அரசியாரின் கட்டளை இது. இனி வெண்கழி நாட்டில் நூல் செய்வோர் எவராயினும், சுவரிலிருந்து ஒன்றை எடுத்தால் எழுதியவர் பேரும், ஊரும் சுவரும் பக்கமும், தாம் கண்ட நாளும் குறிப்பாராக. பேர் தெரியாவிடில் தெரியாது என்றே எழுதுவாராக. தெரிந்தது போல் நடிக்கலாகாது. ஒரு சுவர் மற்றொன்றைப் பார்த்து எழுதியதாயின் முதற்சுவரைத் தேடிப் போவாராக. சுவர் மாறும் என்பதால் அன்றைய வாசகத்தைப் படி எடுத்து ஏட்டோடு கட்டிவைப்பாராக. இதற்கு 'உய்யவந்தாள் முறை' என்று பேரிட்டிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓலைநாயகமாய் இருந்தும் என் பேரால் ஓலை கட்டும் ஒரு முடிச்சு கூட இல்லை. நிற்க.

தங்கள் அவை அந்நூலை முன்போலவே வீதி வலம் செய்வித்து, அவையில் உரிய இருக்கையை அவளுக்கு அளிக்க வேண்டுகிறோம். அடியேனின் பழைய ஓலையை எரித்துவிடும்படி தனியே கேட்க நினைத்தேன்; அரசியார் இசையவில்லை. அதையும் இதையும் ஒன்றாகக் கட்டிக் கண்ட நாள் குறித்து வைப்பீராக. என் 'காற்றுவழி விளக்கம்' நூலின் எழுபது இடங்களையும் செப்பம் செய்யும்வரை அதை எவருக்கும் சான்றாகக் காட்டாதீராக.

மாசித் திங்கள் ஒன்பதாம் நாள், முத்துத்துறை அரண்மனையில் அரசியார் திருமுன் வரைந்து, படித்துக் காட்டி, சங்கு முத்திரை இட்டது. ஓலை கண்ட பொழுதே இதன்படி செய்க. கடல் உள்ளளவும் நம் இரு நாட்டு நட்பு நிலைக்க.

முத்திரைக்குக் கீழே அடியேன் கைப்பட ஒன்று. இவ்வோலையில் நன்றாய் அமைந்த வாக்கியம் என்று தாங்கள் எதையேனும் மெச்ச நேர்ந்தால், என்னை மெச்சுமுன் அவள் நூலில் ஒரு முறை தேடிப் பார்க்கவும். எனக்கே தெரியவில்லை.